மண்டைதீவுக் கள்ளுக்கு எத்தனை புள்ளி?

கடந்த பங்குனி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில், மண்டைதீவில் ஒரு வீட்டு முற்றத்தில் நாம் அமர்ந்திருந்தோம். பண்ணைத் தாம்போதியைக் கடந்து நாம் அங்கு சென்றது கூட்டுறவுக் கணக்கு ஒன்றைப் பற்றிப் பேசுவதற்காக. பேச்சு முடிந்தது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணக் கோட்டையின் மதில் மங்கிக்கொண்டிருந்தது. அவ்வீட்டுக்காரரின் மைத்துனர் ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் தம் பெட்டியைத் திறந்து, துணியிற் சுற்றி வைத்திருந்த மூன்று போத்தல்களை வெளியே எடுத்தார்.

“இது கோதுமையிற் செய்த பியர். ஆனால் கறுப்பு. கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் போட்டது. பெல்ஜியத்தில் ஒரு சிறு ஊர் ஆலையிற் செய்தது. நீங்கள் குடித்துப் பார்த்துப் புள்ளி போட வேண்டும்” என்றார்.

புள்ளி போடுவதற்கு ஒரு தாளும் கொண்டு வந்திருந்தார். அமெரிக்காவில் 1985 ஆம் ஆண்டு தொடங்கிய பியர் நடுவர் சபை ஒன்றின் முறைப்படி அமைந்த தாள் அது. மொத்தம் 50 புள்ளி. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் தன்மைக்கு 5, முழுமைக்கு 10. பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எம்முடன் இருந்தார். தாளைக் கண்டதும் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். வீட்டுக்காரர் கமக்காரர்; மற்றொருவர் மீன்பிடிச் சங்கத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். நாம் நால்வரும், பனை ஏறும் தொழிலைச் செய்துவரும் முதியவர் ஒருவரும் அங்கிருந்தோம். முதியவர் திண்ணையில் ஒதுங்கி அமர்ந்திருந்தார். வழக்கம்போல அன்றைய கள்ளைக் கொண்டு வந்தவர் அவர்.

பியர் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றப்பட்டது. புளியைக் கரைத்தாற்போன்ற நிறம். மேலே தடித்த நுரை. அடியிலே கலங்கல் தெரிந்தது. ஆசிரியர் கலங்கலைக் குற்றமாகக் கொண்டு ஒரு புள்ளியைக் குறைத்தார். கோதுமைப் பியருக்குக் கலங்கல் இயல்பு என்று மைத்துனர் வாதாடினார், தீர்ப்பு மாறவில்லை. மணத்திலே வறுத்த தானியமும் கராம்பும் தோடம்பழத் தோலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுவையிலே முதலில் மெல்லிய இனிப்பு, பின்பு சிறு புளிப்பு, கடைசியில் கொத்தமல்லி. கமக்காரர் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, “காய்ச்சலுக்கு அம்மா வைச்சுத் தாற கொத்தமல்லித் தண்ணியைக் கொஞ்சம் புளிக்க விட்டமாதிரிக் கிடக்கு, ஆனாப் பிழையில்லை” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை விடச் சரியான மதிப்புரையை எந்த நிபுணரும் எழுதியிருக்க முடியாதென்பது எமது எண்ணம். மணத்துக்கு 10, தோற்றத்துக்கு 2, சுவைக்கு 15, வாயில் நிற்கும் தன்மைக்கு 4, முழுமைக்கு 7 என 38 புள்ளிகள் வழங்கினோம். நல்ல பானம்; வித்தியாசமான பானம்; ஒரு குவளைக்கு மேல் எவரும் கேட்கவில்லை.

அப்பொழுதுதான் திண்ணையிலிருந்த முதியவர் கேட்டார்: “அப்ப ஐயா, எங்கட கள்ளுக்கு எத்தினை புள்ளி?”

முற்றத்தில் ஒரு சிறு மௌனம் விழுந்தது. நால்வரும் கள்ளை அறியாதவர்கள் அல்லர். அன்று மாலையிலேயே இருவர் பிளாவில் வாங்கிக் குடித்திருந்தனர். ஆனால் தாளை எடுத்துத் தம் கையெழுத்தில் “கள்” என்று தலைப்பிட்டு, அதற்குக் கீழே புள்ளி எழுத எவருடைய கையும் முந்தவில்லை. பெல்ஜிய நாட்டுப் பானத்தைப் பற்றி எழுதினால் அது ரசனை. எம் வேலியோரத்துப் பனையின் பானத்தைப் பற்றி எழுதினால் அது அவமானம். படித்தவர்களாகிய எம்முடைய மனத்தின் கோணல் இவ்வளவு வெளிச்சமாக எமக்கு முன்னொருபோதும் தெரிந்ததில்லை. எமது கையும் தயங்கியது என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை.

முடிவில் ஆசிரியரே தாளை எடுத்தார். காலையில் இறக்கிய கள் மாலைவரை நின்றதாகையால் புளிப்பு ஏறியிருந்தது. நேர்மையாக 33 புள்ளிகள் போட்டார். முதியவர் மனம் கோணவில்லை. “இது நின்ற கள்ளு. விடியக் காலமை இறக்கினவுடன வந்து குடிச்சுப்போட்டு எழுதுங்கோ” என்றார். அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் விடியலில் மரத்தடியில் நின்றோம். முட்டியிலிருந்து நேரே பிளாவில் வார்த்த கள், வெண்ணிறமாய், சிறு குமிழிகள் மேலெழ, பாளையின் மணமும் பழத்தின் மணமும் கலந்து, இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் நின்றது. 41 புள்ளிகள். அன்பினாலோ ஊர்ப்பற்றினாலோ ஒரு புள்ளியும் கூட்டப்படவில்லை. ஆசிரியர் அத்தகையவர் அல்லர்.

சுவை எங்கிருந்து வருகிறது?

அந்த மைத்துனர் மற்றொரு செய்தியையும் சொன்னார். பவேரியா நாட்டிலும் கறுத்த கோதுமைப் பியர் உண்டு. அதிலும் கராம்பு மணமும் வாழைப்பழ மணமும் வீசும். ஆனால் அதில் கராம்பும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. மதுவம் என்னும் நுண்ணுயிர், தானியத்தின் சர்க்கரையைத் தின்று மதுசாரமாக்கும்போது அம்மணங்களைத் தானே பிறப்பிக்கிறது.

கள்ளின் கதையும் இதுவே. பனம்பாளையைத் தடியால் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் நுனியை மெல்லியதாகச் சீவ, இனிய சாறு துளித்துளியாக முட்டியில் விழுகிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் கருப்பணியாக நிற்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு தடவாத முட்டியில், சாறு விழத் தொடங்கியபோதே காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்களும் பிற நுண்ணுயிர்களும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நூற்றுக்கு நாலைந்து பங்கு அளவில் மதுசாரம் உண்டாகிறது. பின்பு புளிப்பு ஏறுகிறது. நிற்க விட்டால் வினாகிரியாகிறது. பியர் ஆலைக்காரர் வாரக்கணக்கில் தாங்கியில் வைத்துச் செய்வதை, அறுபது அடி உயரத்தில் ஒரு மண்முட்டி ஓர் இரவிலே செய்து முடிக்கிறது.

ஆகவே கள்ளின் தரம் என்பது நேரத்தின் தரம். எந்த மரம், எந்த முட்டி, எத்தனை மணிக்கு இறக்கியது, தண்ணீர் கலந்ததா, தென்னங்கள் கலந்ததா என்பனவெல்லாம் அதன் புள்ளியை நிர்ணயிக்கின்றன. இவற்றை நாவினால் அறியும் மனிதர் ஊருக்கு ஒருவராவது இருக்கின்றனர். ஆனால் அந்த அறிவு எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஏறாத அறிவுக்கு விலையும் இல்லை.

சட்டம் ஆக்கிய பானங்களும் அழித்த பானங்களும்

ஐரோப்பியரின் பானங்கள் இயல்பாகவே பெருமை பெற்றன என்று எவரும் நினைக்க வேண்டாம். அவையும் சட்டத்தின் கையிலே வளர்ந்தும் வாடியும் வந்தவையே.

பவேரியாவின் பிரபுக்கள் 1516 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆந் திகதி ஒரு கட்டளை பிறப்பித்தனர். பியரிலே வாற்கோதுமை, ஹொப்ஸ் என்னும் பூ, தண்ணீர் ஆகிய மூன்றையன்றி வேறெதுவும் சேர்க்கலாகாது என்பது அக்கட்டளை. இன்று உலகம் அதனைத் தூய்மைச் சட்டம் என்று போற்றுகிறது. ஆனால் அதைப் படித்துப் பார்ப்பவர், அதன் தொடக்கம் பியரின் விலையைக் கட்டுப்படுத்துவதாகவே இருப்பதைக் காண்பர். கோதுமைப் பியர் காய்ச்சும் உரிமை ஒரு பிரபு குடும்பத்தின் கையில் இருந்தது; அக்குடும்பம் வாரிசின்றி அற்றதும், 1602 இல் அவ்வுரிமை பவேரிய மன்னரின் கைக்குப் போயிற்று. கோதுமைப் பியர் அரசனின் ஏகபோகமாயிற்று. அந்த உரிமையை ஒரு சாதாரண ஆலைக்காரர் பெறுவதற்கு 1872 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெல்ஜியத்தின் கதை இன்னும் கூர்மையானது. ஹூகார்டன் என்னும் சிற்றூரில் கோதுமை, கொத்தமல்லி, தோடம்பழத் தோல் சேர்த்த ஒருவகைப் பியர் நூற்றாண்டுகளாகக் காய்ச்சப்பட்டு வந்தது. பெரிய ஆலைகளின் தெளிந்த பியர் நாடெங்கும் பரவ, ஊர்ப் பியரின் மதிப்புக் குறைந்தது. 1957 ஆம் ஆண்டு அவ்வூரின் கடைசிக் கோதுமைப் பியர் ஆலையும் மூடப்பட்டது. அத்துடன் அது மறைந்திருக்க வேண்டும். ஆனால் பியேர் செலிஸ் என்ற ஒரு பால் வியாபாரி, இளமையில் அந்த ஆலையில் உதவி செய்து கற்ற முறையை மறவாமல், 1966 இல் அதனை மீண்டும் காய்ச்சத் தொடங்கினார். 1985 இல் தீ விபத்து அவருடைய ஆலையை அழித்தது; பின்பு அது பெரிய கம்பனியின் கைக்குப் போயிற்று. எனினும் அப்பானம் பிழைத்தது. இன்று உலகமெங்கும் அதனைப் பின்பற்றிக் காய்ச்சுகின்றனர். மண்டைதீவு முற்றத்தில் நாம் புள்ளியிட்ட கறுத்த பியரும் அந்த மரபின் ஒரு கிளையே. 2016 இல் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஒரு பால் வியாபாரி காத்த பானம் உலகச் செல்வமாயிற்று. எம் தீவகத்துப் பனைத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாகக் காத்த பானம் என்ன ஆயிற்று?

எமது சட்டம் கேட்ட ஒரே கேள்வி

இலங்கையின் மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முன்பே கள்ளுக் குத்தகையும் சாராயக் குத்தகையும் ஏலம் விடப்பட்டு, குத்தகைக்காரர் கொழுத்த வரலாறு உண்டு. அச்சட்டம் வந்த காலத்திற் புதிய தவறணைகள் திறக்கப்பட்டமைக்கு எதிராகவே இலங்கையின் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றது. அவ்வியக்கத்தைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆனால் குடியேற்ற அரசாங்கம் எழுதிய அந்தச் சட்டம் கள்ளைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றே: “உன்னிடமிருந்து எவ்வளவு வரி வரும்?” இது நல்ல கள்ளா, கெட்ட கள்ளா, ஏறியவன் யார், விழுந்தால் அவன் குடும்பத்துக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்விகள் அதன் கண்ணிற் படவில்லை.

1972 இல் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோது ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. தவறணை முதலாளியின் கீழ் நின்ற தொழிலாளி, தன் கள்ளைத் தன் சங்கத்துக்கு அளந்து கொடுக்கும் அங்கத்தவனானான். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவருகிறது. திக்கத்தில் வடிசாலை எழுந்தது. வரணியில் கள் போத்தலில் அடைக்கப்பட்டது. இவை சிறிய சாதனைகள் அல்ல. எனினும் கூட்டுறவுக் கொட்டிலிலும் கள் போத்தற் கணக்கில் அளக்கப்படுகிறதேயன்றித் தரத்தின் கணக்கில் அளக்கப்படவில்லை. விடியலில் மிகக் கவனத்துடன் இறக்கிய கள்ளும், தண்ணீர் காட்டிய கள்ளும் ஒரே தாங்கியில் ஒரே விலையில் விழுமாயின், கவனம் எடுப்பவன் எதற்காக எடுப்பான்?

இதே தீவின் மலைநாட்டைப் பாருங்கள். 1881 ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் நுவரெலியா மரபுக் கம்பனியின் கறுத்த ஸ்டவுட் பியரை, மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் புகழ்ந்து எழுதினார். அவர் பாடகர் அல்லர். பானங்களைச் சுவைத்து எழுதுவதையே தொழிலாகக் கொண்டு 2007 இல் மறைந்தவர். அவர் எழுதிய பின் அந்த ஸ்டவுட் பல நாடுகளிற் பேர் பெற்றது. அதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் வெளிநாட்டுத் தானியத்தை வாங்கிக் காய்ச்சும் பானம் இலங்கையின் பெருமையாக முடியுமானால், எமது மண்ணிலே பிறந்து எமது காற்றிலே புளிக்கும் பானம் பேரில்லாமற் கிடக்க வேண்டியதேன்?

பானத்தின் இழிவா, மனிதனின் இழிவா?

இக்கேள்விக்குரிய பதிலை எம்மவர் வெளியிற் சொல்வதில்லை. ஆகையால் நாம் சொல்கிறோம். கள் இழிந்தது என்று எம் சமூகம் கொண்ட எண்ணத்திற் பெரும்பங்கு, அதை இறக்கியவரை இழிந்தவராகக் கொண்ட எண்ணமே. முற்றத்தில் எம்மை “ஐயா” என்று அழைத்த அந்த முதியவரின் தகப்பனார், எம் தகப்பனார் காலத்தவரை “நயினார்” என்றே அழைக்க வேண்டியிருந்தது. அவர் இறக்கிய கள்ளைப் பெரிய வீட்டார் வேலிக்கு உள்ளே நின்று குடித்தனர். அதே மனிதர் தேநீர்க் கடைக்குப் போனால் அவருக்குக் கண்ணாடிக் குவளை மறுக்கப்பட்டது. அவர் கையால் இறக்கியதை உடம்புக்குள் ஏற்கலாம். அவர் வாய் பட்ட குவளையைத் தொடலாகாது! இந்த விந்தையான நியாயத்தை எந்த நீதிமன்றத்தில் நாம் வாதாட முடியும்?

சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதன் பின்னரும் தேநீர்க் கடைகளிலும், 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாயிலிலும், உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. குவளை இன்று மாறிவிட்டது. ஆனால் தொழிலின் மேல் படிந்த கறை போகவில்லை. அதனாலேயே அம்முதியவரின் பிள்ளைகள் மரம் ஏறவில்லை. அவர்கள் ஏறாததை நாம் குறை கூறோம். அவமானமும் ஆபத்தும் மட்டுமே கூலியாகக் கிடைக்கும் தொழிலை எந்தத் தகப்பன் மகனுக்குக் கொடுப்பான்? தொழிலைக் காக்க வேண்டும் என்று மேடையிற் பேசும் நாம், அந்தத் தொழிலுக்கு மதிப்பைக் கொடாமல் மரத்தை மட்டும் காத்துவிட முடியாது.

மதுவிலக்கினருக்கு எமது விடை

“குடியைப் பரப்புகிறீர்களா?” என்று எம்மைக் கேட்பர். நியாயமான கேள்வி. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் மதுவிலக்கை வற்புறுத்தினார். எம்முடைய இளைஞர் அவரை வரவேற்றுக் கேட்டனர். குடியினால் நிலம் ஈடுபோன குடும்பங்களின் வழக்குகளை நாமே நடத்தியிருக்கிறோம். மாலையில் வீட்டுக்கு வரும் காலடியோசைக்கு அஞ்சும் தாய்மாரின் வாக்குமூலங்களை நாமே எழுதியிருக்கிறோம். குடிக்காதவர் குடிக்க வேண்டாம். குடிப்பவர் குறைக்க வேண்டும். இதில் எமக்கு இரு கருத்து இல்லை.

ஆனால் கள்ளை இழிவுபடுத்துவதால் குடி குறைந்ததா என்பதே கேள்வி. தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே 1987 ஆம் ஆண்டு முதல் கள் இறக்குவது தடை. 2003 முதல் அரசாங்கத்தின் சொந்த நிறுவனமே வடித்த மதுவைக் கடை வைத்துச் சில்லறையாக விற்கிறது. மரத்தில் ஏறியவன் குற்றவாளி. ஆலையில் வடித்தவன் வரி செலுத்தும் கனவான். நாலைந்து பங்கு மதுசாரம் உள்ள பானத்தைத் தடுத்துவிட்டு, நாற்பது பங்குக்கு மேல் உள்ளதை விற்பது மதுவிலக்கு ஆகுமா? பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைகள் சட்டப்படி இயங்குகின்றன என்பதையும் ஒப்பு நோக்குக. எமது பக்கத்திலும் நல்ல கள் கிடையாத இடத்தில் மக்கள் மோருக்குத் திரும்பவில்லை, கசிப்புக்குத் திரும்பினர். கசிப்பு எங்கே காய்ச்சப்படுகிறது, அதில் என்ன கலக்கப்படுகிறது என்பதை அளக்க எந்தத் தாளும் இல்லை.

தரம் பார்த்தல் குடிக்குத் தூது அன்று, கலப்படத்துக்குப் பகை. எந்தப் பானத்தின் செறிவும் பிறப்பிடமும் எழுதப்பட்டிருக்கிறதோ, அதனைக் குடிப்பவன் தன் அளவை அறிந்து குடிக்கிறான். மறைவிலே குடிப்பவனே அளவிழக்கிறான்.

தீவகம் காத்திருக்க முடியாது

1990 ஓகஸ்ட்டில் மண்டைதீவும் அல்லைப்பிட்டியும் கண்ட துயரத்தை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. கொண்டு செல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. தப்பியவர்கள் ஆண்டுக்கணக்காகத் தம் மண்ணை மிதிக்கவில்லை. அக்காலத்திற் சீவுவாரின்றிப் பனைகள் தனித்து நின்றன. வடபகுதியெங்கும் காவலரண்களுக்காக வெட்டுண்டு வீழ்ந்த பனைகள் பல்லாயிரம். மீண்டு வந்தவர்களுள் மரம் ஏறத் தெரிந்தவர் சிலரே.

இன்றோ மண்டைதீவின் முகம் வேறு திசையில் மாறத் தொடங்கியுள்ளது. 2025 செப்டெம்பர் 1 ஆந் திகதி சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. மைதானம் எழுந்தால் விடுதிகள் எழும். விடுதிகள் எழுந்தால் மதுச்சாலைகள் திறக்கும். அங்கே வரும் விருந்தினருக்கு முன்னால் எந்தப் போத்தல் வைக்கப்படும்? கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வரும் போத்தல்கள் வரிசையாக நிற்கும்போது, நூறு யார் தூரத்திலுள்ள பனையின் பானம் வேலிக்கு வெளியே நிற்கப் போகிறதா? அல்லது ஏதோ ஒரு கம்பனி அதனை மலிவாக வாங்கி, அழகிய பேரொன்றைச் சூட்டி, பத்து மடங்கு விலைக்கு விற்கப் போகிறதா? இரண்டும் அநீதியே. முன்னையதை விடப் பின்னையது சட்டத்துக்கு அமைந்த அநீதி, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகையால் நான்கு கோரிக்கைகளை இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு கூட்டுறவுக் கொட்டிலிலும் தரத்தாள் ஒன்று வேண்டும். ஐம்பது புள்ளி முறையை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. இறக்கிய நேரம், மணம், புளிப்பு, கலப்பின்மை, மதுசாரச் செறிவு என்னும் ஐந்தையும் பார்த்தாற் போதும். அதற்குரிய அளவைகளைக் கைதடி ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துக் கொடுக்கட்டும். புள்ளிக்கு ஏற்ப விலையும் ஏறட்டும். நாவினால் அறியும் முதிய தொழிலாளரே நடுவர்களாக அமரட்டும்.

இரண்டாவது, ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவிசார் குறியீட்டுக்கு இடமளிக்கிறது. இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் பாதுகாக்கப்பட்ட பெயராயிற்று. தமிழ்நாட்டின் உடன்குடிப் பனங்கருப்பட்டியும் 2023 இல் அந்நாட்டுப் புவிசார் குறியீடு பெற்றது. கறுவாவுக்கும் கருப்பட்டிக்கும் கிடைத்தது தீவகப் பனங்கள்ளுக்கும், பனங்கட்டிக்கும், வினாகிரிக்கும் கிடைக்கலாகாதா? மனுவைச் சங்கங்கள் கொடுக்கட்டும். அதனை வரைவதற்குக் கூலியின்றி முன்வர வேண்டியவர்கள் எம் வழக்குரைஞர் தோழர்கள்.

மூன்றாவது, ஏறுகின்ற ஒவ்வொருவருக்கும் காப்புறுதி வேண்டும். தளநாரும் தன் கையும் காலும் தவிர வேறு துணையின்றி நாளுக்கு இருமுறை மரங்களில் ஏறி இறங்குபவன், ஒருநாள் தவறினால் அத்துடன் ஒரு குடும்பம் சரிகிறது. போத்தல் ஒன்றுக்கு அறவிடும் வரியில் ஒரு சிறு பங்கைக் காப்புறுதி நிதிக்கு ஒதுக்குவது அரசாங்கத்துக்குப் பாரமாகாது.

நான்காவது கோரிக்கை அரசாங்கத்திடம் அன்று; கமக்காரர்களாகிய எம்மவரிடம். மரம் உங்களுடையது; ஏறுபவர் மற்றொருவர். இருவருக்கும் இடையில் உள்ள உடன்பாடு பெரும்பாலும் வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சில் வலியவன் நினைவே வெல்லும். எத்தனை மரம், எத்தனை மாதம், என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். காணிக்கு உறுதி எழுதும் சமூகம் உழைப்புக்கும் உறுதி எழுதப் பழகட்டும். தமிழருக்குச் சம உரிமை வேண்டும் என்று பாராளுமன்றத்திற் கேட்கும் நாம், எம் சொந்த வேலிக்குள் அதே உரிமையைக் கொடுத்துக் காட்ட வேண்டாமா?

மறுநாள் விடியலில் ஆசிரியர் புள்ளிகளைக் கூட்டி 41 என்று எழுதி முடித்தபோது, தாளின் தலையில் ஒரு கட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்டோம். ஆக்கியவர் பெயர் எழுதும் இடம் அது. பெல்ஜியப் போத்தலுக்குரிய தாளில் அவ்விடத்தில் ஆலையின் பெயர் எழுதப்பட்டிருந்தது. “இதில உங்கட பேரைப் போடட்டே?” என்று ஆசிரியர் கேட்டார். முதியவர் சற்றுநேரம் பேசவில்லை. “கள்ளுக்கு ஆரும் என்ர பேரை எழுதினதில்லை” என்றார். பின்பு பாளைக் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தம் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரோடு சொன்னார். ஆசிரியர் அழகிய எழுத்தில் அதனை எழுதினார். அந்தத் தாளை முதியவர் மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

அப்பெயர் தாளில் ஏறிவிட்டது. சங்கத்தின் பேரேட்டிலும், போத்தலின் முகத்திலும், நாட்டின் சட்டத்திலும் அது ஏறும் நாளை விரைவுபடுத்துவது எம் அனைவரதும் கடமை.